‘இருந்தாலும்’ என்ற சொல்லை வகுப்புக்கு வெளியே விட்டுவிடுங்கள்: உள்ளான அழகு பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிறு பள்ளிக்குப் புதிதாகப் பாடம் எடுக்க வருகிறவர்கள் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் ‘உள்ளான அழகு’ என்ற பாடம் வந்தால், முந்தைய தலைமுறை ஆசிரியர்கள் செய்த அதே பிழையைப் பிசகாமல் செய்கிறார்கள். தயாரிக்காமல் வருவது, பாடத்தை இழுப்பது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை, விட்டுவிடலாம். இங்கே சொல்வது நான்கு முதல் எட்டு வயதுவரை உள்ள பிள்ளைகளின் வகுப்புக்கு.

இரண்டு ஆப்பிள் பாடம்

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப வருகிற பாடம் இது. மேஜையில் இரண்டு ஆப்பிள். ஒன்று பளபளப்பானது, வெட்டினால் உள்ளே அழுகல். மற்றது மேலே கன்றிக் கறுத்தது; வெட்டினால் உள்ளே வெள்ளை வெளேர். “பார்த்தீர்களா, வெளியழகு முக்கியமில்லை” என்று ஆசிரியர் முடித்துவிடுவார்.

பிள்ளை அப்படி முடிக்காது. இந்த வயதில் கண்ணுக்குத் தெரிவதுதான் பாடம். அழகாக இருக்கிறவர் கெட்டவர், அழகில்லாதவர் நல்லவர் என்று கணக்கு அப்படியே தலைகீழாகப் பதியும். அடுத்து, பின்வரிசையில் ஒரு சிறுமி பக்கத்தில் இருப்பவளைப் பார்ப்பாள், தன் கையைத் திருப்பிப் பார்ப்பாள், பிறகு கேட்பாள்: “அக்கா, நான் எந்த ஆப்பிள்?” இதற்கு நல்ல பதிலே கிடையாது. எந்த ஆப்பிளைக் காட்டினாலும் அவளுக்கு வலிக்கும்.

அப்போது பதறிப்போய் ஆசிரியர் சொல்கிற ஆறுதல்தான் இன்னும் மோசம்: “நீ கறுப்பா இருந்தாலும் உன் மனசு வெள்ளைடா செல்லம்.” அந்த ‘இருந்தாலும்’ என்ன செய்கிறது என்று பாருங்கள். அவள் நிறம் ஒரு குறை என்று முதலில் உறுதி செய்துவிட்டு, அதற்கு ஈடாக நல்ல மனதைக் கொடுக்கிறது. பிள்ளை வீட்டுக்கு எடுத்துப்போவது வாக்கியத்தின் முதல் பாதியை. கிறிஸ்துவின் பெயரால் சொன்னதால் அது இன்னும் ஆழமாக இறங்கும்.

வேதமும் இப்படிச் சொல்லவில்லை. “மனுஷன் முகத்தைப் பார்ப்பான், கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்” என்பது 1 சாமுவேல் 16:7. அடுத்த ராஜாவைத் தேர்ந்தெடுக்கப் போன சாமுவேல் தீர்க்கதரிசி, தாவீதின் உயரமான அண்ணன் எலியாபைப் பார்த்து ‘இவன்தான்’ என்று நினைத்தபோது வந்த வார்த்தை அது. தாவீது பார்க்கச் சுமாரான பையன் என்று கதையைத் திரிக்கிறவர்கள் ஐந்து வசனம் தள்ளிப் படிப்பதில்லை. 12ஆம் வசனம் அவனுக்கு அழகிய கண்களும் நல்ல ரூபமும் இருந்ததாகச் சொல்கிறது. அவன் அழகு அவனுக்குத் தடையாக இல்லை, தகுதியாகவும் இல்லை. அதே வசனத்தில் ‘சிவந்த மேனி’ என்றும் வருகிறது. நம் பேச்சில் சிவப்பு என்றால் வெளுத்த நிறம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். ஈசாக்கின் மகன் ஏசா பிறந்தபோது அவனுக்குச் சொன்ன அதே எபிரெயச் சொல்தான் இது. செம்மை என்றுதான் பொருள். சிறியவர்களுக்கு ‘அழகிய கண்கள்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆப்பிளுக்குப் பதிலாக நான்கு சின்ன அட்டைப் பெட்டிகள் போதும். இரண்டை ஜிகினாத் தாளில் சுற்றுங்கள், இரண்டைப் பழைய செய்தித்தாளில். ஜிகினாப் பெட்டி ஒன்றிலும் செய்தித்தாள் பெட்டி ஒன்றிலும் ஸ்டிக்கர் வையுங்கள். மற்ற இரண்டிலும் கூழாங்கல். எதில் ஸ்டிக்கர் என்று கேட்டு, ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். முதலில் ஜிகினாவில் ஸ்டிக்கர் வரட்டும், “அப்பவே சொன்னேனே!” என்பார்கள். அடுத்த ஜிகினாவில் கல் வந்ததும் எல்லோரும் செய்தித்தாள் பக்கம் தாவுவார்கள். அங்கேயும் முதலில் கல் வரட்டும். வெளியைப் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியாது என்பது மட்டும்தான் பாடம். எந்தப் பெட்டியையும் எந்தப் பிள்ளையோடும் ஒப்பிடாதீர்கள்.

இதற்கு முந்தைய வாரமே சங்கீதம் 139:14 முடிந்திருக்க வேண்டும். உடலையும் கர்த்தர்தான் அதிசயமாய் உண்டாக்கினார் என்று கேட்ட பிள்ளைக்குத்தான் இருதயத்தைப் பற்றிப் பேசலாம்.

கறுத்த இருதயப் படம்

பாவம் கறுப்பு, மன்னிப்பு வெள்ளை என்று தாள் வெட்டி ஒட்டும் பழக்கம் பழையது. கறுப்பு, சிவப்பு, வெள்ளை என மூன்று பக்கம் கொண்ட எழுத்தில்லாப் புத்தகத்தைப் பற்றி ஆங்கிலேயப் பிரசங்கியார் ஸ்பர்ஜன் 1866இல் லண்டனில் பிரசங்கித்தார். மேலே சொன்ன சிறுமி உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அந்தப் படம் வேண்டாம். ஏசாயா 1:18இல் பாவத்தின் நிறம் இரத்தாம்பரச் சிவப்பு. நிறமே இல்லாமலும் சொல்லலாம்: சேறு ஒட்டிய கையைக் கழுவிக் காட்டுங்கள்.

‘சாந்தமும் அமைதலும்’ பெண் பிள்ளைகளுக்கு மட்டும்

1 பேதுரு 3:3-4 மனைவிமாருக்கு எழுதிய பகுதி: மயிர்ப் பின்னல் போன்ற வெளி அலங்காரம் அல்ல, சாந்தமும் அமைதலுமுள்ள ஆவியே அலங்காரம் என்கிறது. அதை ஐந்து வயதுச் சிறுமிக்கு அப்படியே வாசித்தால் இரண்டு விஷயம் நடக்கும். அம்மா காலையில் பின்னிவிட்ட சடை பாவமோ என்று பயப்படுவாள். வாயைத் திறக்காமல் இருப்பதே கர்த்தருக்குப் பிடிக்கும் என்றும் நம்புவாள். தன்னை யாராவது தவறாகத் தொட்டால்கூடச் சொல்லாமல் இருக்கப் பழகுவாள். இது சின்ன விஷயம் இல்லை.

இந்த வயதுக்குக் கலாத்தியர் 5:22-23 பொருந்தும். ஆவியின் கனியில் ஒன்பது குணம். வாரம் ஒன்றாக ஒன்பது வாரம், பையன்களுக்கும் சேர்த்து.

இருதயம் என்றால் என்ன என்று சொல்லாமல் விடுவது

கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் நெஞ்சைத் தொடுவார்கள். ‘நீ நினைக்கிறது, ஆசைப்படுகிறது, முடிவெடுக்கிறது’ என்று சொல்லுங்கள். மனப்பாடத்துக்கும் “கர்த்தரோ இருதயத்தைப் பார்க்கிறார்” என்ற மூன்று சொல் போதும்.

கர்த்தரைக் கண்காணிப்புக் கேமரா ஆக்குவது

“பார்த்துக்கிட்டே இருக்கார், ஜாக்கிரதை” என்று சொல்லவே சொல்லாதீர்கள்.

“உனக்கு அழகான மனசு”

இப்படிப் பொதுவாகப் பாராட்டாமல், பிள்ளை செய்ததைச் சொல்லுங்கள்: “அவனிடம் கிரேயான் இல்லைன்னு பார்த்து, நீயே நகர்த்திக் கொடுத்தாய்.”

வாசலிலேயே “ஃப்ராக் சூப்பர்!”

பெயரைச் சொல்லி வரவேற்றால் போதும்.

கிறிஸ்துமஸ் நாடகம்

ஆண்டு முழுக்க எடுத்த பாடத்தை இது ஒரே மாலையில் அழித்துவிடும். நிறமாக இருக்கிற பெண் மரியாள், கன்னம் கொழுகொழுவென்று இருக்கிற பிள்ளைகள் தேவதூதர்கள், கறுத்த பையன் கொடிய ராஜா ஏரோது. யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. கை தானாக அப்படிப் போகிறது. அரங்கின் ஓரத்தில் ஆட்டுக்குட்டி வேஷத்தில் நிற்கிற பிள்ளை எல்லாவற்றையும் கவனிக்கிறது. தேவதூதன் காபிரியேல் எந்த நிறம் என்று சுவிசேஷத்தில் ஒரு வரிகூட இல்லை. வேஷங்களைச் சீட்டில் எழுதி, பிள்ளைகள் கண்முன்னே குலுக்கி எடுக்கவிடுங்கள். வந்த சீட்டைப் பெற்றோர் வந்து கேட்டாலும் மாற்றாதீர்கள்.