லிப்பிடு: மதிப்பெண் நழுவும் இடங்கள்

கொழுப்பு, எண்ணெய் போன்றவைதான் லிப்பிடு. உணவில் அது இருக்கிறதா என்று பார்க்கும் பால்மச் சோதனைக்கு வேண்டிய திரவங்கள் இரண்டே: எத்தனால், தண்ணீர். பலருக்கும் குழப்பம் எதை முதலில் ஊற்றுவது என்பதில்தான். நசுக்கிய நிலக்கடலையில் முதலில் தண்ணீரை ஊற்றினால், எண்ணெய் அதில் கரையாது. தெளிவான கரைசல் கிடைக்காமல் வெறும் குழம்பல்தான் மிஞ்சும். முதலில் எத்தனாலை ஊற்றிக் குலுக்குங்கள். துகள் அடியில் தங்கும்வரை பொறுத்து, மேலே தெளிந்ததை மட்டும் வேறொரு குழாயிலுள்ள தண்ணீரில் ஊற்றுங்கள். எத்தனால் தண்ணீரோடு கலந்துவிடும். அதில் கரைந்திருந்த கொழுப்போ போக்கிடமின்றி நுண்துளிகளாகப் பிரியும். துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் பால்போல் தெரிகிறது. அவசரப்பட்டுத் துகளையும் சேர்த்து ஊற்றிவிட்டால், கலங்கியது கொழுப்பாலா துகளாலா என்று சொல்லவே முடியாது.

இதைத் தாளில் ‘வெண்ணிற வீழ்படிவு’ என்று எழுதாதீர்கள். எதுவும் அடியில் படியவில்லையே! ‘வெண்ணிறப் பால்மம்’ என்பதே சரி. அப்புறம், சூடாக்கிச் சர்க்கரையைக் கண்டறியும் பெனடிக்ட் சோதனையின் ஞாபகத்தில் குழாயைச் சூடாக்கவும் வேண்டாம். இங்கே சூடு தேவையே இல்லை, எத்தனால் சட்டென்று தீப்பிடிக்கும்.

உணவைக் காகிதத்தில் தேய்த்து, பஜ்ஜி மடித்த காகிதம் போல ஒளி கசியும் கறை வந்தால் கொழுப்பு என்பது இன்னொரு சோதனை. ஈரமும் அதே கறையைத் தரும். காகிதம் காய்ந்த பிறகும் கறை மிஞ்சுகிறதா என்று பாருங்கள்.

‘திரவமாக இருந்தால் நிறைவுறாக் கொழுப்பு’ என்று மனப்பாடம் செய்தவர்கள் தேங்காய் எண்ணெயில் மாட்டிக்கொள்வார்கள். அதன் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்றவை, அதாவது கார்பன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு இல்லாதவை. ஆனாலும் சித்திரையில் தண்ணீராய் ஓடும், மார்கழிக் குளிரில் பாட்டிலுக்குள் உறையும். உருகுநிலை 25 டிகிரி செல்சியசை ஒட்டியே இருக்கிறது. காரணம் கொழுப்பு அமிலத்தின் கார்பன் சங்கிலி நீளம். அதில் மிகுந்திருக்கும் லாரிக் அமிலத்துக்கு 12 கார்பன்தான். தனி அமிலமாக அதன் உருகுநிலை சுமார் 44 டிகிரி. 18 கார்பன் கொண்ட ஸ்டியரிக் அமிலத்துக்கோ சுமார் 69 டிகிரி. இரட்டைப் பிணைப்பை மட்டும் பார்த்தால் போதாது.

அமைப்புக்கு வந்தால், டிரைகிளிசரைடை, அதாவது கொழுப்பு, எண்ணெயின் மூலக்கூறை, பாலிமர் (சிறு அலகுகள் தொடர்ந்து கோத்த நீண்ட சங்கிலி) என்று எழுதுவது பழைய வியாதி. ஒரு கிளிசராலோடு 3 கொழுப்பு அமிலங்கள் சேர்கின்றன, 3 எஸ்டர் பிணைப்புகள் உருவாகின்றன, 3 நீர் மூலக்கூறுகள் வெளியேறுகின்றன. அத்தோடு சரி, சங்கிலி நீண்டுகொண்டே போவதில்லை. பாஸ்போலிப்பிடில் கொழுப்பு அமிலங்கள் இரண்டுதான். மூன்றாவது இடம் பாஸ்பேட்டுக்கு. கொலஸ்டிராலிலோ கிளிசராலும் இல்லை, கொழுப்பு அமிலமும் இல்லை, ஒட்டிய நான்கு கார்பன் வளையங்கள்தான். தண்ணீரில் கரையாமல் கரிமக் கரைப்பான்களில் கரைவதால் அதுவும் லிப்பிடு வகையில் சேர்கிறது.