கல்லூரியில் அரபி எடுத்திருக்கிறீர்களா?

பி.காம். சேர்ந்தபோது பகுதி-1 மொழிப்பாடமாக அரபி எடுத்தேன். வீட்டில் யாருக்கும் அதில் ஓரெழுத்துகூடத் தெரியாது. வகுப்பில் பாதிப் பேர் சின்ன வயதில் மதரஸாவில் ஓதியவர்கள், கடகடவென்று வாசித்தார்கள். ஆனால் அர்த்தம் கேட்டால் அவர்களும் என்னை மாதிரியே முழித்தார்கள். அதனால் பயப்பட வேண்டாம்.

எழுத்துகள் மொத்தம் 28. தினமும் ஒரு மணி நேரம் எழுதினால் இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும். அலிஃப், வாவ் போன்ற 6 எழுத்துகள் அடுத்த எழுத்தோடு சேராது, அதை முதலிலேயே கவனித்துக்கொள்ளுங்கள். அப்புறம், எக்காரணம் கொண்டும் சொல்லுக்கு மேலே பென்சிலால் தமிழில் உச்சரிப்பு எழுதாதீர்கள். நான் எழுதினேன். என் நோட்டில் ‘ஸைஃப்’ இரண்டு இடத்தில் இருந்தது. சீன் என்ற எழுத்தில் எழுதினால் வாள்; நாக்கின் பின்பக்கத்தைத் தூக்கிக் கனமாகச் சொல்லும் ஸாத் போட்டால் கோடை. வகுப்புத் தேர்வில் ‘சென்னையில் கோடை நீளமானது’ என்று எழுதப்போய், ‘சென்னையில் வாள் நீளமானது’ என்று எழுதிவைத்தேன். சார் விடைத்தாளைத் தூக்கிப் பிடித்து, “யாருப்பா இந்த வீரன்?” என்றார்.

அடுத்தது அகராதி. ஹான்ஸ் வெயர் என்ற அரபி-ஆங்கில அகராதி வேர்ச்சொல் வரிசையில் இருக்கும். இது தெரியாமல் நூலகம் என்று பொருள்படும் ‘மக்தபா’வை அரை மணி நேரம் மீம் எழுத்தில் தேடினேன். அது காஃப், தா, பா என்ற மூன்றெழுத்து வேரின் கீழே இருந்தது. எழுதினான் என்பதற்குக் ‘கதப’, புத்தகத்துக்குக் ‘கிதாப்’, எழுத்தருக்குக் ‘காதிப்’, அலுவலகத்துக்கு ‘மக்தப்’ எல்லாம் அங்கேதான். முன்னால் ‘ம’ வந்தால் பல சமயம் அது இடத்தைக் குறிக்கும்: மதரஸா படிக்கும் இடம், மஸ்ஜித் சிரம் பணியும் இடம். எனவே அகரவரிசைப் பட்டியல் வேண்டாம், வேருக்கு ஒரு பக்கம் என்று நோட்டுப் போடுங்கள்.

இன்னொரு விஷயம், உங்களுக்கு ஏற்கெனவே அரபிச் சொற்கள் தெரியும். தாலுகா ஆபீசுக்கோ கோர்ட்டுக்கோ போனவருக்கு வக்கீல், வசூல், பாக்கி, அசல், நகல், ரத்து எல்லாம் பழக்கம்தானே! மாஜி, ஆஜர், ஜாமீன், ஜப்தி நான்கையும் பாருங்கள். அந்த ‘ஜ’ அரபியில் ளாத் என்ற எழுத்து. பாரசீகம், உருது வழியாக வந்ததால் ‘ஜ’ ஆகிவிட்டது. திருவல்லிக்கேணியில் ஒரு பேனரில் ரம்ஜான் என்றும் பக்கத்துப் பேனரில் ரமளான் என்றும் இருப்பது இதே எழுத்தால்தான். ‘மாஜி’ என்றால் ‘கடந்தது’. இறந்தகாலத்துக்கு இலக்கணப் பெயரும் அதுவே. எனக்கு முதல் நாளே மனதில் நின்ற இலக்கணச் சொல் அது ஒன்றுதான்.

3 முதல் 10 வரையிலான எண்களில், ஆண்பால் பெயருக்குப் பெண்பால் வடிவ எண் வரும், பெண்பாலுக்கு ஆண்பால் வடிவம். காரணம் கேட்காமல் மனப்பாடம் செய்துவிடுங்கள்.

துபாயில் வேலை பார்க்கும் மாமாவிடம் பேசிப் பார்த்தால் அவர் அரபியும் உங்கள் பாடமும் ஒட்டாது. நம் பத்திரிகைத் தமிழுக்கும் தெருத் தமிழுக்கும் உள்ள இடைவெளி மாதிரிதான், இன்னும் கொஞ்சம் அதிகம். கல்லூரியில் சொல்லித் தருவது எழுத்து அரபி. அதைக் காதால் பிடிக்க அல் ஜசீரா அரபிச் செய்தியை இரவில் ஐந்து நிமிடம் கேளுங்கள். முதல் வாரம் ஊர்ப் பெயர்கள் மட்டுமே பிடிபடும். நம் நாட்டை அவர்கள் ‘அல்ஹிந்த்’ என்பார்கள், அதற்காகக் காத்திருங்கள்.