சண்டை மூட்டிய பத்துப் பிழைகள்

எங்கள் குழுவில் ஏழு பேர். கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் எழுதுகிறோம். சோதிப்பது என் வேலை. மூன்று ஆண்டுகளாகப் பிழைகளை எக்செல் தாளில்தான் குறித்துவந்தோம். ஒருநாள் யாரோ பழைய பிரதியை மேலே சேமித்துவிட, நாற்பது வரிகள் போயே போய்விட்டன. பிழைகளைப் பதிந்து, முடியும்வரை பின்தொடர உதவும் மென்பொருளான பக் டிராக்கர் தேட ஆரம்பித்தது அன்றுதான்.

வசதிப் பட்டியல்களை ஒப்பிட்டுக்கொண்டு உட்காராதீர்கள். எல்லாவற்றிலும் எல்லாம் இருப்பதாகவே போட்டிருப்பார்கள். பழைய பிழைகளில் பத்தை எடுங்கள். எளிதானவை வேண்டாம், சண்டை மூட்டியவை. நான் முதலில் எடுத்தது இது: 'தள்ளுபடி கொடுத்தால் மட்டும் மொத்தத் தொகையில் ஒரு ரூபாய் குறைகிறது.' மூன்று முறை சரிசெய்து, மூன்று முறையும் திரும்பி வந்த பிழை.

அந்தப் பத்தையும் பக்ஸில்லா, மான்டிஸ், ரெட்மைன் என்ற மூன்று டிராக்கர்களிலும் பதியச் சொன்னேன். பதிந்தது நான் அல்ல, வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் அக்கா. ஒரு காதில் போன், எதிர்முனையில் கோபக்காரக் கடைக்காரர். 1998இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் நிறுவனத்தில் பிறந்த பக்ஸில்லா கெட்டியான சரக்குதான். ஆனால் எந்தப் பொருள், அதில் எந்தப் பகுதி என்று கேட்ட இடத்திலேயே அக்கா நின்றுவிட்டார். தவிர, 'எனக்குச் சரியாகத்தான் ஓடுகிறது' என்று மூடுவதற்கென்றே அதில் ஒரு முடிவு இருக்கிறது. எங்கள் புரோகிராமர்கள் அதைக் கண்டு மகிழ்ந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மான்டிஸ் பரவாயில்லை. ரெட்மைனில் தலைப்பை மட்டும் எழுதிச் சேமித்துவிட்டு, விவரத்தைப் பிறகு சேர்த்தார். அதையே எடுத்துக்கொண்டோம்.

ஜிரா என்ற இன்னொரு டிராக்கரை நான் தொடவில்லை. அதைச் சீராக வைத்திருக்கத் தனியாக ஓர் ஆள் வேண்டும். சொந்த சர்வரில் போட்டுக்கொள்ளும் ஜிரா சர்வர் பதிப்புக்கும் 2024 பிப்ரவரியோடு ஆதரவு நின்றுவிட்டது. பிழை பதிபவர்கள் எல்லோரும் புரோகிராமர்கள், நிரலும் கிட்ஹப் என்ற நிரல் சேமிப்புத் தளத்தில் என்றால், அங்கேயே பிழை பதிய இருக்கும் இஷ்யூஸ் பகுதி போதும்; அலைய வேண்டாம்.

உள்ளே போகும் முன் வெளியே வரும் வழியையும் பாருங்கள். ரெட்மைனிலிருந்து பிழைப் பட்டியல், எக்செலில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக வந்துவிடும். இணைத்த படங்கள் அதில் வராது. டேட்டாபேஸோடு, படங்கள் கிடக்கும் ஃபோல்டரையும் சேர்த்துத்தான் பேக்கப் எடுக்க வேண்டும்.

ரெட்மைனில் ஒரு பிழை கடக்கும் நிலைகளை நான்காகக் குறைத்தோம்: புதியது, வேலையில், சோதனைக்கு, முடிந்தது. கடைசி நிலைக்கு மாற்றும் உரிமையைச் சோதிப்பவருக்கு மட்டும் கொடுத்திருக்கிறோம். அந்த ஒரு ரூபாய், நான்காவது முறையாக, இப்போது 'சோதனைக்கு' என்று என் வரிசையில் நிற்கிறது.