புதுச்சேரியின் பழைய வீட்டு விடுதிகள்: தங்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே ஒயிட் டவுன் எனப்படும் பிரெஞ்சுப் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. இரண்டிலும் இன்று விடுதியாக நடக்கும் பழைய கட்டடங்களில் பெரும்பாலானவை ஒரு காலத்தில் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள். கிழக்கே தெருவை ஒட்டி உயர்ந்த மதில், உள்ளே தோட்டம், வளைவுத் தூண்களோடு தாழ்வாரம். மேற்கே திண்ணையும் நடுவில் முற்றமும். இப்படிப்பட்ட வீட்டை அறை அறையாகப் பிரித்தால் எந்த இரண்டு அறையும் ஒன்றுபோல அமையாது. முற்றத்தின் படத்தைப் பார்த்துப் பணம் கட்டிவிட்டு, தங்கப்போகும் அறை எது என்று கேட்காமல் விடுவதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது.

மாடியா, கீழ்த்தளமா என்று பருவம் பார்க்காமல் எடுப்பது

பழைய கூரைகள் மெட்ராஸ் டெரஸ் வகை. மர உத்திரங்களின் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கொட்டி இடித்து இறுக்கியவை. அந்தத் தளம் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, இருட்டிய பிறகு மெதுவாகக் கீழே இறக்கும். ஏப்ரல் முதல் ஜூன் வரை மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை படுக்கப்போகும் நேரத்திலும் கொதித்துக்கொண்டிருப்பது இதனால்தான். அந்த மாதங்களில் கீழ்த்தள அறையைக் கேளுங்கள். இல்லையென்றால் தலைக்கு மேல் இன்னொரு மாடி இருக்கும் அறை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிலைமை தலைகீழ். இந்தச் சுவர்கள் சுண்ணாம்புக் கலவையில் செங்கல் வைத்துக் கட்டியவை. அடித்தளத்துக்கும் சுவருக்கும் நடுவே ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. மழைக்காலத்தில் தரையின் ஈரம் சுவரில் ஏறி, அடிப்பகுதியில் பூச்சு பொரிந்து வெள்ளைப் பொடியாக உதிரும். அப்போது மாடி அறைதான் நல்லது. கீழ்த்தளம்தான் கிடைத்தது என்றால் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். ஒரு சாண் இடைவெளி விடுங்கள். தோல் செருப்பும் கைப்பையும் அலமாரிக்குள் பூஞ்சை பிடிக்கும். வெளியே காற்றுப்படும்படி வைப்பது மேல்.

அந்த வெள்ளைப் பொடியைப் பார்த்ததும் பராமரிப்பு சரியில்லை என்று முடிவு கட்டுவதும் தவறுதான். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விட்டு உலர்கிறது. அதை மறைக்க சிமென்ட் பூசினாலோ பளபளப்பான பெயின்ட் அடித்தாலோ ஈரம் உள்ளேயே அடைபட்டு இன்னும் மேலே ஏறும். கொஞ்சம் உதிரும் சுண்ணாம்புச் சுவருள்ள அறை, வால்பேப்பர் ஒட்டிய அறையைவிட நேர்மையானது, மூச்சுக்கும் நல்லது.

ஏசியை நம்பி ஜன்னலை மறப்பது

உயர்ந்த கூரை என்பதால் குளிரவைக்க வேண்டிய காற்று அதிகம். 16 டிகிரிக்கு இறக்கினால் சீக்கிரம் குளிர்ந்துவிடாது, ஏசி ஓடும் நேரம்தான் நீளும். 24 அல்லது 25இல் வைத்து மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். ஏசி ஓடும்போது பலகணிக் கதவைத் திறந்து வைத்தால் கடற்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்து வியர்க்கும். காலையில் வரும் முடை நாற்றத்துக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

மரச்சட்டங்கள் சரிவாக வைத்த அந்தப் பழைய ஜன்னல்கள் அழகுக்காக மட்டும் வைத்தவை அல்ல. காலை வெயில் விழும் கிழக்குப் பக்கத்தை மூடி வையுங்கள். பிற்பகலில் கடற்காற்று வந்ததும் ஏசியை நிறுத்திவிட்டு எதிரெதிர் ஜன்னல்களைத் திறங்கள். இந்த வீடுகள் அப்படி வாழ்வதற்காகக் கட்டியவை.

"300 ஆண்டுப் பழமை" என்பதை அப்படியே நம்புவது

1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து நகரை இடித்துத் தள்ளினார்கள். 1765இல் ஊர் திரும்பக் கிடைத்த பிறகு பிரெஞ்சுக்காரர்கள் எழுப்பியதுதான் இன்றைய ஒயிட் டவுன். அதைவிடப் பழையது என்று சொன்னால் ஆதாரம் கேளுங்கள். பெயரில் ஹெரிடேஜ் இருந்தாலே பழையது என்றும் ஆகாது; மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பாரம்பரிய விடுதி வகைக்குக் கட்டடம் 1950க்கு முந்தையதாக இருக்க வேண்டும். நேரில் போனால் கண்டுபிடிப்பது எளிது. ஜன்னல் ஓரத்தில் சுவரின் தடிமனைப் பாருங்கள், ஒன்றரை அடி இருக்கும். பிறகு அண்ணாந்து பார்த்தால் உத்திரங்கள் வரிசையாகத் தெரியும்.

குளியலறையைப் பற்றிக் கேட்காமல் விடுவது

குளியலறைகள் பிற்காலத்தில் சேர்த்தவை. மரத்தளத்தைக் குடைந்து குழாய் இறக்க முடியாது என்பதால் தரையை உயர்த்தி அதற்குள் ஓட்டியிருப்பார்கள். இரவில் எழுந்து போகும் பெரியவர்கள் தடுக்கி விழுவது அந்த ஒரு படியில்தான். பல வீடுகளில் லிஃப்ட் கிடையாது, மாடிப்படி செங்குத்தானது, நிலைப்படியும் உயரம். முழங்கால் வலி உள்ளவர் உடன் வந்தால் கீழ்த்தளம்தான், மழைக்காலமானாலும். குழந்தைகள் இருந்தால் முற்றத்து நீர்த்தொட்டிக்குத் தடுப்பு உண்டா என்று கேளுங்கள்.

2 கிலோவாட் கீசர் 15 லிட்டரைச் சூடாக்கக் கால் மணி நேரம் எடுக்கும், 25 லிட்டர் என்றால் அரை மணி. அடுத்தடுத்துக் குளிப்பவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள்.

வரியைப் பார்க்காமல் வாடகையை ஒப்பிடுவது

ஒரு இரவு வாடகை ரூ.7,500 வரை இருந்தால் ஜிஎஸ்டி 5%, அதற்கு மேல் 18%. இந்த விகிதம் 2025 செப்டம்பர் 22 முதல் நடப்பில் இருக்கிறது. ரூ.7,500 அறைக்கு மொத்தம் ரூ.7,875 ஆகும். ரூ.7,600 அறைக்கு ரூ.8,968! நூறு ரூபாய் வித்தியாசம் ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது. முந்தைய நிதியாண்டில் ஏதாவது ஓர் அறையை ரூ.7,500க்கு மேல் விட்டிருந்தால் அந்த விடுதி உணவகத்திலும் 18% தான்.

இடமும் நேரமும்

கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வாகனம் போகாது. அந்தச் சாலையில் அறை எடுத்தவர்கள் அதற்கு முன் வந்துவிடுவது நல்லது. இல்லையென்றால் எந்தக் குறுக்குத் தெருவில் இறங்க வேண்டும் என்று விடுதியில் கேட்டு வையுங்கள். தெருக்கள் குறுகலானவை, கார் நிறுத்த இடம் பல விடுதிகளில் இல்லை. வாய்க்கால் ஓர அறைகளில் கோடையில் நாற்றம் வரலாம். கோயில், சம்பா கோயில், கப்ஸ் கோயில் என்று அழைக்கப்படும் தேவாலயங்கள், காஜியார் வீதிப் பக்கத்துப் பள்ளிவாசல் என எதன் அருகில் இருந்தாலும் விடியற்காலை ஒலி கேட்கும். தூக்கம் மெல்லியவர்கள் தெருவைப் பார்க்காத அறையைக் கேட்கலாம். காந்தி வீதிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையால் அடைத்துக்கொள்ளும். பிப்ரவரி 21, ஆகஸ்ட் 15 அரவிந்தர் ஆசிரமத்துக்குக் கூட்டம் வரும் நாள்கள். அந்த வாரங்களில் கடைசி நேரத்தில் அறை தேடாதீர்கள்.

சுவரைச் சாதாரணச் சுவராக நினைப்பது

பிறந்தநாள் அலங்காரத்துக்கு ஒட்டும் டேப்பை உரிக்கும்போது சுண்ணாம்புப் பூச்சும் கையோடு வந்துவிடும். அதைச் சரிசெய்யத் தெரிந்த கொத்தனார்கள் குறைவு, பூச்சு காய நாளாகும். கட்டித் தொங்கவிட ஜன்னல் கம்பியோ தூணோ இருக்கிறதா என்று பணியாளரிடம் கேளுங்கள், நூல் போதும். கடலில் நனைந்த துணியைப் பழைய மர நாற்காலியில் போடாமல் மொட்டைமாடிக் கொடியில் உலர்த்தலாமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள்.