பன்றிக்குட்டிக்குக் கொழுப்பு எப்போது சேர வேண்டும், எப்போது கட்டுப்படுத்த வேண்டும்

குட்டி கொழுகொழுவென்று பிறக்கச் சினைப்பன்றிக்கு என்ன போடலாம் என்று வெண்பன்றிப் பண்ணை வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்பார்கள். எதைப் போட்டாலும் நடக்காது. பன்றியின் நஞ்சுக்கொடி தாயின் கொழுப்பைக் கருவுக்குள் மிகக் கொஞ்சமாகத்தான் விடும். 114 நாள் சினையில் ஏறக்குறைய பாதி கழிந்த பிறகுதான் கொழுப்புச் செல்கள் உருவாகவே தொடங்குகின்றன, அவையும் நிரம்புவதில்லை. அதனால் பிறக்கும்போது குட்டியின் உடம்பில் கொழுப்பு 1 முதல் 2 சதவீதம்தான், அதில் பெரும்பகுதி எரித்துச் சூடாக்க உதவாத வகை.

இன்னொரு சிக்கலும் உண்டு. மனிதக் குழந்தைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் பிறக்கும்போதே பழுப்புக் கொழுப்பு இருக்கும், நடுங்காமலே சூடு தரும். பன்றி இனத்தில் அதற்கான மரபணு சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்பே பழுதாகிவிட்டது. நடுங்கித்தான் சூடேற்றிக்கொள்ள வேண்டும், அதற்கு எரிபொருள் ஈரலிலும் தசையிலும் சேமித்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து, அது ஒரு நாளைக்குத் தாங்கினாலே பெரிது.

ஆக, முதல் நாள் சூடு நீங்கள்தான் தர வேண்டும். குட்டிக்கு 34 டிகிரி தேவை. நமக்கு வியர்த்து ஊற்றும் 28 டிகிரி ராத்திரியிலும் அதற்குக் குளிர்தான், இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஈன்றதும் துடைத்து, உலர்ந்த வைக்கோல் போட்ட மூலையில் பல்பைத் தொங்கவிடுங்கள். கொட்டில் முழுவதையும் சூடாக்காதீர்கள், தாய்க்கு 20 டிகிரி சுமாரே சுகம், சூடு ஏறினால் தீனியைக் குறைத்துவிடும், பாலும் குறையும். தெர்மாமீட்டர் இல்லையா, குட்டிகளைப் பாருங்கள்: ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர், பல்பை விட்டு விலகிக் கிடந்தால் சூடு அதிகம்.

அப்புறம் சீம்பால். பிறந்த சில மணி நேரத்துக்குள் ஒவ்வொரு குட்டியும் குடித்ததா என்று நீங்களே பார்க்க வேண்டும், சிறியதை முன்காம்பில் பிடித்து விடுங்கள். சினையின் கடைசி வாரங்களில் தாய்த்தீவனத்தில் கொஞ்சம் எண்ணெய் சேர்த்தால் பாலில் கொழுப்புக் கூடும், குட்டிக்கு அது போய்ச் சேரும் வழி இதுதான். ஆனால் தாயே கொழுத்துவிட்டால் ஈன்ற பிறகு தீனி எடுக்காது, பார்த்துக்கொள்ளுங்கள். பால் சரியாகக் கிடைத்தால் 3, 4 வாரத்தில் குட்டியின் கொழுப்பு 15 சதவீதத்தை ஒட்டி வந்துவிடும்.

பால் மறந்த பிறகு கதை தலைகீழ். சில மாதம் வரை புதுக் கொழுப்புச் செல்களும் பிறக்கும், இருப்பவையும் பருக்கும். பிறகு பெரும்பாலும் இருக்கும் செல்களே ஊதும். முதலில் தோலடியில், முதுகில் படியும், தசைக்குள் ஓடும் கொழுப்பு கடைசியில்தான் வரும். கோழிக்கு ஈரலில் நடக்கும் வேலை பன்றிக்குக் கொழுப்புத் திசுவிலேயே நடக்கிறது, மிஞ்சும் மாவுச்சத்து அங்கேயே கொழுப்பாகிவிடும். எனவே இளமையில் புரதத்தைக் குறைக்காதீர்கள், சுமார் 60 கிலோவுக்கு மேல் ஓட்டலில் மிஞ்சும் சோற்றை அளந்து போடுங்கள், காயடித்த ஆணுக்குப் பெட்டையை விடக் குறைவாக. எண்ணெய் எடுக்காத தவிட்டை அளவில்லாமல் போட்டால் முதுகுக் கொழுப்பு கொழகொழத்து, கறிக்கடையில் கத்திக்கு நிற்காது. விற்பதற்குச் சில வாரம் முன்பே அதை நிறுத்திவிடுங்கள்.