வெள்ளவத்தையில் இலக்கிய நடை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பின் வெள்ளவத்தைச் சந்தையடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பலர் மதில்களையும் கேற்றுகளையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கத் தொடங்குவார்கள். இன்ன எழுத்தாளர் இங்கே இருந்தார் என்று எங்காவது ஒரு கல் பதித்திருக்கும் என்ற நம்பிக்கைதான் காரணம். தமிழ் எழுத்துக்கு அப்படிக் கல் பதித்த நகரம் அல்ல கொழும்பு. முற்றமும் மாமரமும் இருந்த வீடுகளில் பல இடிந்து, அந்த இடங்களில் தொடர்மாடிகள் எழுந்துவிட்டன. 1983 ஜூலையில் இதே காலி வீதியில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்ததையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும். கண்ணால் பார்க்க மிஞ்சியது கொஞ்சம்தான்.

ஆகவே முதல் தவறு, ஒன்றும் படிக்காமல் வருவது. ஈழத்துப் பழைய நூல்களையும் இதழ்களையும் நூலகம் நிறுவனம் 2005இலிருந்து இணையத்தில் ஏற்றிவருகிறது. காசு இல்லை, கைப்பேசியிலேயே வாசிக்கலாம். நண்பர்களைக் கூட்டிப்போவதென்றால் ஒரு வாரத்துக்கு முன்பே மல்லிகை என்ற சிற்றிதழின் பழைய இதழ் ஒன்றைப் படித்துவிட்டு வரச் சொல்வேன். கதை, கவிதையோடு நின்றுவிடாமல் விளம்பரப் பக்கங்களையும் பார்க்கச் சொல்வேன். கடையின் பெயர், தெரு, இலக்கம், ‘அன்பளிப்பு’ என்று ஒரு வரி. ஒரு சிற்றிதழ் யார் தயவில் அச்சேறியது என்பது அந்தச் சின்ன விளம்பரத்தில் தெரிந்துவிடும். அந்த முகவரியைத் தேடிக்கொண்டு நடந்தால், கடை இல்லாவிட்டாலும் தெரு உங்களோடு பேசத் தொடங்கும்.

முகவரி என்றதும் அடுத்த சிக்கல் வந்துவிடும். கொழும்புத் தெருக்களுக்கு இரண்டு மூன்று பெயர்கள் உண்டு. பலகையில் ஒன்று, ஆட்கள் வாயில் ஒன்று, பழைய புத்தகத்தில் இன்னொன்று. ஆங்கிலத்தில் கடல் தெரு என்று பொருள்படும் பெயருள்ள தெரு தமிழருக்குச் செட்டியார் தெரு. பொது நூலகத்துப் பக்கம் முன்பு கிரீன் பாத்தாக இருந்தது இன்று ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. இதெல்லாம் தெரியாமல் வரைபடத்தை மட்டும் நம்பிப் போனால் வீடு தப்பிவிடும். வெள்ளவத்தையில் ஒழுங்கைகளுக்கு இலக்கமும் உண்டு, சிலவற்றுக்குப் பெயரும் உண்டு. முச்சக்கரவண்டிக்காரரிடம் ஒன்றைச் சொல்லி விளங்காவிட்டால் மற்றதைச் சொல்லிப் பாருங்கள்.

பெயர் மாறிய வீதிகளில் ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். இன்னமும் பலர் ஹை ஸ்ட்ரீட் என்று சொல்லும் வீதியின் இன்றைய பெயர் டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை. அந்தச் சில்வா அரசியல்வாதி அல்ல. 1890இல் இதே வெள்ளவத்தையில் பிறந்து, ஒரு தலைமுறைச் சிங்கள வாசகர்களை நாவல் படிக்கப் பழக்கியவர். நாளாந்தம் அந்த வீதியால் போய் மரக்கறி வாங்கும் தமிழர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? வெள்ளவத்தை இலக்கியம் என்றால் தமிழ் இலக்கியம் மட்டும் என்று எண்ணி நடப்பது பெரிய தவறு. தமிழ்ச் சங்கமும் சிங்கள நாவலாசிரியரின் பெயர் தாங்கிய வீதியும் காலால் நடந்து சேரக்கூடிய தூரத்தில் இருப்பதுதான் இந்த ஊரின் விசேஷம்.

இனி, மிக அதிகமாக நடக்கும் தவறு. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் முதலில் கேட்பது கவிஞர் பாப்லோ நெருதாவின் வீட்டைத்தான். 1929இல் சிலி நாட்டின் கொன்சலாகக் கொழும்புக்கு வந்தவர், வெள்ளவத்தைக் கடலோரத்தில் ஒரு பங்களாவில் தனியே இருந்தார். கிரியா என்ற கீரிப்பிள்ளையை வளர்த்தார், தனிமையில் கவிதை எழுதினார். வழிகாட்டுபவர்கள் இதைச் சொல்வார்கள், கேட்பவர்கள் கடலைப் பார்த்துப் படம் எடுப்பார்கள், அத்தோடு முடிந்துவிடும்.

அதே பங்களாவில் நடந்த இன்னொன்றை நெருதா தானே எழுதியிருக்கிறார். அவர் இறந்தபின் 1974இல் வெளியான நினைவுக் குறிப்புகளில் அது இருக்கிறது. காலையில் கக்கூசு வாளியை எடுக்க ஒரு தமிழ்ப் பெண் வருவாள். அவர் பரிசு வைத்தார், கூப்பிட்டுப் பார்த்தார். அவள் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு நாள் அவளது மணிக்கட்டைப் பிடித்து அறைக்குள் இழுத்துப் போனார். அவள் கண்ணைத் திறந்தபடி சிலைபோலக் கிடந்தாள் என்றும், தன்னை அவள் வெறுத்தது நியாயம்தான் என்றும் அவரே எழுதுகிறார். அது வன்புணர்வு. அதற்கு வேறு பெயர் இல்லை. அவளுடைய பெயரைக்கூட அவர் எழுதவில்லை.

நெருதாவின் கவிதையைப் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் படித்தவன்தான். ஆனால் கீரிப்பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. அதுவும் தமிழில் சொல்லும்போது விடவே கூடாது. அவளுடைய மொழி தமிழ். அந்த ஒழுங்கையில் நின்று நாம் பேசுவதும் அதே மொழிதான். அங்கே நிற்கும்போது அந்த நாலைந்து வரியையும் சத்தமாக வாசித்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் நிற்போம். பிறகு பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், நேராகப் பதில் சொல்வேன். இன்னொன்று, இப்போதைய மரைன் டிரைவ் அவர் காலத்தில் இல்லை. வீடு, தண்டவாளம், கடல், அவ்வளவுதான். இதைச் சொல்லாவிட்டால் கேட்பவர்கள் மனதில் எழும் காட்சியும் பிழையாகிவிடும்.

அப்புறம், ஆட்களிடம் கேட்கும் விதம். பழையவர்களிடம் பேசாமல் இந்த நடைக்கு உயிர் இல்லை. ஆனால் கையில் கொப்பியும் பேனாவுமாகப் போய் ‘ஐயா, நீங்கள் எந்த ஊர், எப்போது இங்கே வந்தீர்கள், எந்த இலக்க வீடு?’ என்று தொடங்கிவிடாதீர்கள். யுத்தகாலத்தில் அதே கேள்விகளைப் பொலீஸார் கேட்டார்கள். பதிவு, இரவுச் சோதனை, லொட்ஜ்களில் தேடுதல் எல்லாம் நடந்த பகுதி இது. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழரை பஸ்களில் ஏற்றி நகரத்தை விட்டே அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. தடை வந்தாலும் பயம் உடனே போய்விடாது. ஒருமுறை என்னோடு வந்த ஒருவர் ஒரு முதியவரிடம் நேரே முகவரி கேட்டார். அதுவரை சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்த மனிதர், கையில் இருந்த பிளேன்ரீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து நான் கேட்பது ஒன்றே ஒன்று: ‘முந்தி என்ன பத்திரிகை வாசிப்பீர்கள்?’ இதற்குப் பதில் சொல்லாதவர்களை நான் இன்னும் காணவில்லை. 1930இல் தொடங்கிய வீரகேசரியும் 1932இல் தொடங்கிய தினகரனும் இங்கே எத்தனை எழுத்தாளரை வளர்த்தன என்ற கதை அந்தக் கேள்வியில் தானாக அவிழும். இலக்கிய விமர்சகர் கைலாசபதி தினகரனுக்கு ஆசிரியராக இருந்த காலத்து ஞாயிறு இதழ்களை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வெயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: காலை ஆறரைக்குத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் மாலை நாலு மணிக்குப் பிறகு. ஐப்பசி மாதத்துப் பின்னேரங்களில் குடை வேண்டும். பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் வராதீர்கள், பூட்டிய கதவுகளைத்தான் பார்ப்பீர்கள்.

57ஆவது ஒழுங்கையிலுள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்தை வாசலில் நின்று படமெடுத்துவிட்டுப் போவது இன்னொரு தவறு. 1942இல் தொடங்கிய சங்கம் அது. நூலகம் திறந்திருக்கும் நேரத்தை முன்பே கேட்டுக்கொண்டு போய், அரை மணிநேரமாவது உள்ளே உட்காருங்கள். மாலையில் நூல் வெளியீடு ஏதும் இருந்தால் போய்ப் பின்வரிசையில் இருங்கள். காலி வீதியில் பூபாலசிங்கம் புத்தகசாலைக்குள் போனாலும் அப்படித்தான். உள்ளூர் வெளியீடுகள் இருக்கும் தட்டு எது என்று கேட்டு, அதன் முன் நில்லுங்கள்.

வெள்ளவத்தையையும் வடகொழும்பையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். 100ஆம், 101ஆம் இலக்க பஸ் புறக்கோட்டைக்குப் போகும்தான், ஆனால் அங்கே போய்ச் சேரும்போது காலில் தெம்பு இருக்காது. செட்டியார் தெரு, கொட்டாஞ்சேனை, ஸ்ரீ கதிரேசன் வீதி எல்லாம் தனியாக ஒரு காலைப்பொழுதைக் கேட்கும் இடங்கள். யாழ்ப்பாணத்தில் 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய மல்லிகை பிற்காலத்தில் வந்து சேர்ந்தது அந்தக் கதிரேசன் வீதிக்குத்தான். சலூனில் வேலை செய்தபடி எழுதி, 1960இல் சாகித்திய விருது பெற்ற மனிதர் அவர். அச்சான இதழ்களைத் தானே சுமந்துபோய் ஆள் ஆளாகப் பார்த்து விற்றார். அந்த வீதியில் நடக்கும்போது பையில் ஐந்தாறு இதழ்களைப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். ஐந்தாறே அந்த வெக்கையில் எவ்வளவு பாரம் என்று தெரியும்.