சிராலிக்குப் போகிறீர்களா? டார்ச்சை எப்போது அணைப்பது என்று தெரிந்துகொள்ளுங்கள்

துருக்கியின் மத்திய தரைக்கடல் கரையில், அந்தால்யாவுக்குத் தெற்கே உள்ள சின்ன கிராமம் சிராலி. பஸ் ஊருக்குள் வராது. நெடுஞ்சாலையில் சிராலி பிரிவில் இறங்கி, மினி பஸ் பிடித்துச் சுமார் 7 கிலோமீட்டர் கீழே இறங்க வேண்டும். இதற்குப் பக்கத்திலேயே ஒலிம்போஸ் பிரிவு என்று இன்னொன்று உண்டு. அங்கே இறங்கிவிட்டால் வேறு பள்ளத்தாக்குக்குப் போய்விடுவீர்கள், ஓட்டுநரிடம் ஊர்ப் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

மே முதல் செப்டம்பர் வரை இந்தக் கடற்கரையில் பெருந்தலை ஆமைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகள் இரவில் வெளிச்சத்தை நோக்கித்தான் நகரும். கடலின் மங்கலான ஒளிதான் அவற்றுக்கு வழி. நம் கைபேசி வெளிச்சம் பட்டால் திசை மாறி மேட்டுப் பக்கம் ஊர்ந்து, விடிந்ததும் வெயிலில் செத்துப்போகும். கட்டைவிரல் நீளம்கூட இருக்காது, பார்த்தால் மனசு கேட்காது. அதனால் இருட்டிய பிறகு தயவுசெய்து கரைக்குப் போகாதீர்கள். முட்டைகளைப் பாதுகாக்கக் கம்பிக்கூண்டு வைத்த இடத்தில் குடையும் ஊன்ற வேண்டாம்.

டார்ச் தேவைப்படும் இடம் யனார்தாஷ். மலைப்பாறை இடுக்கில் வாயு கசிந்து எரியும் தீ அது, இருட்டில்தான் அழகு. அப்புறம், கரையெல்லாம் கூழாங்கல். ரப்பர் செருப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.